டிக்கியில் ஒட்டியிருந்த பெயர்

ஜூலை 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. முதியோர் இல்லச் சமையலறையில் இன்று பூசணி சூப், ஆட்டிறைச்சி. வேலை முடிந்து பால் வாங்க சூப்பர்மார்க்கெட் போனேன். திரும்பி வந்தபோது ஒரு ஆள் என் காருக்குப் பின்னால் நின்று எதையோ படித்துக்கொண்டிருந்தார். பச்சை மழைக்கோட்டு, கையில் ரொட்டிப் பை.

“கெல்லன்பியா நீங்க? என் மச்சான் அங்கதான் இருக்கான். சின்ன ஊரு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்னு சொல்லுவான்” என்றார். சாதாரணமாக, சிரித்துக்கொண்டே.

இல்லை, பழைய கார், யாரிடமிருந்தோ வாங்கியது என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன். வந்ததா?

அவர் போன பிறகு நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். டிக்கியில் வெள்ளி எழுத்தில் ‘பிரிட்சார்ட் மோட்டார்ஸ், கெல்லன்பி’. பின்கண்ணாடியில் அதே பெயர், தொலைபேசி எண்ணோடு. ஏழு வாரமாக இந்தக் காரைக் கழுவுகிறேன். கடலைத் தாண்டிக் கப்பலில் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தேன். டாஸ்மேனியா எண் பலகை மாட்டினேன். என் பெயரைச் சுருக்கிக்கொண்டேன். இந்த எழுத்து மட்டும் கண்ணில் படவேயில்லை. ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்து அது எழுத்தாகவே தெரியாமல் போய்விட்டது போல.

என் கணவர் டாரல் பிரிட்சார்டின் பெயர். முதுகில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன்.

ஜூலை 10, புதன்

பின்பக்கம் வேலியை ஒட்டி நிற்கும்படி காரை நிறுத்தினேன். வேலைக்கு நடந்தே போனேன்.

ஜூலை 11, வியாழன்

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். குளிரில் எழுத்து எலும்பு மாதிரி இறுகிக் கிடக்கிறது. நகம்தான் பிய்ந்தது.

என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு டாரல் கொடுத்த கார் இது. அவருடைய கடையிலிருந்தே. கருநீலம் அவருக்குப் பிடித்த நிறம். எழுத்துகளை அவரே ஒட்டினார், அளவுகோல் வைத்து. உள்ளூர்ப் பத்திரிகைக்காரரை வரச் சொல்லியிருந்தார். படத்தில் நான் சாவியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன்.

சனிக்கிழமை தோறும் உள்ளங்கையால் காரைத் தடவிப் பார்ப்பார். முன்னாலிருந்து பின்னால் வரை, மெதுவாக. ஒருமுறை தள்ளுவண்டி இடித்து, கட்டைவிரல் நீளத்துக்குக் கதவில் கீறல் விழுந்துவிட்டது. கத்தவில்லை. அவர் கத்தியதே இல்லை. நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் சாவியை எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் கடைக்கு நடந்து போனேன், வெயிலில். வழியில் பார்க்கிறவர்களிடம் உடற்பயிற்சி என்று சொல்ல வேண்டும். அதையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

இதை எல்லாம் எதற்கு எழுதுகிறேன்? எழுத்தை எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 13, சனி

சமையல் கத்தியை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். முனையை முதல் எழுத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். அழுத்த முடியவில்லை. பெயின்ட் போய்விட்டால்? கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ஷோனா குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். முன்பக்கம் அவளுடைய முடிதிருத்தும் கடை, பின்பக்கம் எனக்கு விட்டிருக்கும் அறை. இத்தனை வாரத்தில் நான் எங்கிருந்து வந்தேன் என்று ஒரு கேள்வி கேட்டதில்லை.

“கத்திய வெச்சு என்ன பண்ற? யாரக் கொல்லப் போற?”

எழுத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“சூடு காட்டினா தானா வரும்டி. என்கிட்ட ஆறு ஹேர் டிரையர் இருக்கு. நாளைக்குக் கடை லீவு.”

ஜூலை 14, ஞாயிறு

கடையிலிருந்து நீள வயர் இழுத்தோம். ஷோனா டிரையரை ஒரே இடத்தில் காட்டாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அதிகம் சுட்டால் பெயின்ட் உப்பிவிடுமாம். புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். பொறுக்கிற சூடு இருந்தால் போதும். பிறகு தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு எழுத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் போல இழுத்தேன். முதல் எழுத்து அசைந்தது. யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

ஒவ்வொன்றாக வந்தன. பசை மட்டும் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரைக் கேட்டேன். “அது பெயின்ட்டையும் சேர்த்துத் தின்னுடும்” என்று சொல்லி, யூகலிப்டஸ் தைலம் கொண்டுவந்தாள். மென்மையான துணியில் நனைத்து, கொஞ்சம் ஊற விட்டு, விரலால் உருட்டி உருட்டி எடுத்தோம். கண்ணாடியில் இருந்ததற்கு சோப்புத் தண்ணீரும் ஒரு பிளேடும் போதும். கண்ணாடிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மதியம் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். சுத்தம். ஷோனா தேநீர் போட உள்ளே போனாள்.

அப்போதுதான் வெயில் வந்தது.

எழுத்து அப்படியே இருக்கிறது.

ஸ்டிக்கர் இல்லை, ஆனால் எழுத்து இருக்கு. சுத்தி எல்லாம் ஆறு வருஷ வெயில்ல மங்கிப்போச்சு, அது இருந்த இடம் மட்டும் புதுசா, ஆழ நீலமா மின்னுது. பிரிட்சார்ட். முழுசாப் படிக்கலாம். முன்னவிட நல்லாத் தெரியுது.

ஜூலை 15, திங்கள்

பத்து அடியிலிருந்து படிக்க முடிகிறது. பதினைந்தில் முடியவில்லை. இருபது தடவையாவது வெளியே போய்ப் பார்த்திருப்பேன்.

ஜூலை 17, புதன்

ஷோனா மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு டப்பாவோடு வந்தாள். பாலிஷ் களிம்பு. மங்கிய மேல்தோலைக் கொஞ்சம் தேய்த்து எடுத்தால் சுற்றியுள்ள நிறமும் உள்ளே இருக்கும் நிறமும் ஒன்றாகிவிடும். ஆனால் மேலே இருப்பது மெல்லிய பூச்சுதான். விடாமல் தேய்த்தால் அதுவும் போய் அடிநிறம் வெளியே வந்துவிடும். டப்பாவின் பின்னால் எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பார்க்கவும் என்றிருந்தது. பம்பருக்கு மேலே நாணய அளவுக்குச் சோதித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அப்படியும் எழுத்து இருந்த இடத்தில் துணியை வைக்கக் கை வரவில்லை.

“இப்படி நடுங்குறியே, பெயின்ட் போனா போவுது. உன் காருதானே?”

“அவர் கோபப்படுவார்” என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை.

ஷோனா டப்பாவைப் படியில் வைத்தாள். பிறகு, “எங்க இருக்காரு அவரு?” என்று கேட்டாள். கெல்லன்பியில் என்றேன். “நீ இங்க இருக்கன்னு தெரியுமா?” தெரியாது என்றேன். படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, சனிக்கிழமை, வங்கி அட்டை, கடைசியாகக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை அவர் கழற்றி எடுத்தது. கடையில் ஒரு அம்மாவுக்குச் சாயம் பூசி உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த அம்மா தலையில் சாயத்தோடு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தும் ஷோனா எழுந்திருக்கவில்லை.

நான் முடித்த பிறகு துணியை என்னிடம் நீட்டினாள்.

“சரி. வட்டமாத் தேய். அழுத்தாத.”

ஜூலை 20, சனி

மூன்று நாளில் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கழுவிப் பார்த்தேன். இன்று வெயிலில் நின்று பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கடைசி எழுத்தின் ஓரம் மட்டும் கொஞ்சம். அது எனக்குத் தெரியும் என்பதால்தான் தெரிகிறது என்கிறாள் ஷோனா. மெழுகு பூசினேன். மறுபடி சாய்ந்து பார்த்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

பச்சைக் கோட்டுக்காரரை மறுபடி பார்த்தேன். ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு திரும்பினார்.

“மச்சான்கிட்ட சொன்னேங்க, உங்க ஊர் கடைக் காரு இங்க ஓடுதுடான்னு. நீல காரான்னு கேட்டான். அந்தக் கடைக்காரர்கிட்டயே சொல்றேன், சந்தோஷப்படுவாருன்னான்.”

ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

தெரிஞ்சுபோச்சு. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. பையை எடுத்து வெச்சிருக்கேன். எங்க போறது? கப்பல் ஏறினா அந்தப் பக்கம் அவர்தான். இது தீவு. தீவுன்னு தெரிஞ்சுதானே வந்தேன்? இத்தன நாள் தேச்சதெல்லாம் எதுக்கு.

ஜூலை 24, புதன்

ஷோனா கடையை மூடிவிட்டு என்னைப் பர்னி காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அவளுடைய வண்டியில்தான். ஒரு பெண் அதிகாரி. ‘அடித்தாரா’ என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். அவர் கேட்டது, “எதுக்கு ரொம்ப பயப்படறீங்க?” என்று. மூன்று மணி நேரம் எழுதிக்கொண்டார். டாரல் என்னை நெருங்கக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது என்று ஒரு உத்தரவு. ஆனால் அவர் கையில் சேர்ந்த பிறகுதான் அது செல்லும். கெல்லன்பி காவல் நிலையத்துக்கு அனுப்புகிறார்கள்.

பையைப் பிரிக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

கெல்லன்பியிலிருந்து பதில். வீட்டில் ஆள் இல்லை. கடையில் கேட்டால் அவர் விடுப்பு என்கிறார்களாம்.

ஜூலை 28, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பலத்த மழை என்று ஷோனா என்னை வேலையில் கொண்டுபோய் விட்டாள். என் கார் கடைக்குப் பக்கத்துச் சந்தில் நின்றது, பின்பக்கம் தெருவைப் பார்த்து. நேற்று குப்பை வண்டிக்கு வழிவிட்டுத் திருப்பி நிறுத்தியதை நான் மறந்தே போயிருந்தேன்.

பதினொரு மணிக்கு அவன், டாரல், ஷோனாவின் கடைக்குள் வந்திருக்கிறான். கோட்டுப் போட்டு, தலையைத் துடைத்துக்கொண்டு, மிக மரியாதையாக. மனைவிக்கு மனநிலை சரியில்லை, மருந்தை விட்டுவிட்டாள், தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னானாம். தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி வருவதாகவும் சொன்னானாம். கைபேசியில் காரின் படத்தைக் காட்டினான். டிக்கியை நெருக்கமாக எடுத்த படம். அந்தப் பத்திரிகைக்காரர் எடுத்தது.

ஷோனா ஒரு அம்மாவின் முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியைக் கீழே வைக்காமலே படத்தைப் பார்த்திருக்கிறாள்.

“இந்தப் பேரு போட்ட காரு இந்தத் தெருவுல இல்லீங்க” என்றாளாம். “பொய் சொல்லலடி நான்” என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

அவன் நன்றி சொல்லிவிட்டு வெளியே போய், சந்து முனையில் நின்று, என் காரைப் பார்த்திருக்கிறான். ஷோனா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாஸ்மேனியா எண் பலகையைப் பார்த்தான். எழுத்தில்லாத டிக்கியைப் பார்த்தான். இரண்டு எட்டு பக்கத்தில் கூட வந்தான். பிறகு அடுத்த கடைக்குப் போய்விட்டான். அவள் உடனே பர்னிக்குப் போன் செய்தாள். அவன் மருந்துக்கடையில் படத்தை நீட்டிக்கொண்டிருந்தபோது உத்தரவைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலக் கப்பலில் ஏறும் வரை கூடவே இருந்திருக்கிறார்கள்.

அவன் வந்தது எனக்கு மூன்று மணிக்குத்தான் தெரியும். அவன் அங்கே நின்ற நேரத்தில் நான் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன்.

சந்தோஷமா இருக்கணும் இல்ல? பல்லு கிட்டிக்குது. கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கிட்டிருக்கேன். ஷோனா பக்கத்துல நின்னு துடைச்சு வெக்கிறா.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கிறேன். வேலைக்குத் தாமதம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

நீதிமன்றம் உத்தரவை ஒரு வருடத்துக்கு நீட்டியது. எதிர்ப்பு எதுவும் வரவில்லை. என் வக்கீல் நீதிமன்றக் கடிதத்தைப் பார்த்துப் படித்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் கழித்து என்ன? தெரியவில்லை. பர்னி அதிகாரியின் எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 12, சனி

ஷோனா ஓட்டத்தை விட்ட பந்தய நாய் ஒன்றை வளர்க்க எடுத்திருக்கிறாள். அவளுடைய வண்டியில் பின்சீட் இல்லை என்பதால் என் காரில்தான் போய்க் கூட்டி வந்தோம். பெயர் ஓபல். வயது நான்கு, இதற்கு முன் காரில் உட்கார்ந்து போனதே இல்லை போலிருக்கிறது. பாதி வழியில் வாந்தி எடுத்தது. மீதி வழி முழுக்க நின்றுகொண்டே வந்து, வளைவுக்கு வளைவு என் தோளில் விழுந்தது. கடற்கரையில் இறக்கிவிட்டோம். ஈர மணலில் அது ஓடியதைப் பார்த்து ஷோனா அழுதாள், கண்ணில் காற்றுப் பட்டது என்றாள்.

திரும்பும்போது நாய், மணல், கடல்பாசி எல்லாம் பின்சீட்டில். கதவில் மூன்று நீளக் கோடு, அதன் நகம். பெயின்ட்டில்தான். ஷோனா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன், எல்லோருக்கும் பசித்தது. மீனும் உருளை வறுவலும் வாங்கி, ஜன்னலை இறக்கி வைத்துக் காரிலேயே சாப்பிட்டோம்.

உள்ளே நாற்றம் தாங்கவில்லை. நாளைக்குக் கழுவலாம். மழை பெய்தால் அடுத்த வாரம்.