சட்டையில் குத்திய சீட்டு

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். வேறு தாள் எடுத்துக்கொள் என்று அம்மா சொன்னாள். வேண்டாம், அடித்தது உனக்கும் தெரியட்டும். இங்கே அம்மாவும் நானும் நலம். நீ நலம் என்பது உன் செய்திகளைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்பில் தெம்பு இல்லாதவன் ஒரே நாளில் இத்தனை கட்டளை போட முடியாது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' சொல்வேன், கடைசியில் நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

விளம்பரம் போட்டுக் காசு தரும் நிறுவனம் நம் இணையதளத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. அம்மா சந்தோஷத்தில் உனக்குச் சொல்லிவிட்டாள். அடுத்த நிமிடமே உன் செய்தி வந்தது. "பாத்தியா, நான் போட்ட அஸ்திவாரம்! கணக்க என் பேருக்கு மாத்து, பாஸ்வேர்ட அனுப்பு. ஒம்பதாங்கிளாஸோட நின்ன ஊமைக்கோட்டானுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டிருந்தாய். பதில் இதுதான்: மாட்டேன்.

அஸ்திவாரம் யார் போட்டது என்று உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். சலவைக் கடையில் திரைக்குப் பின்னால் நின்று தேய்ப்பவள் நான். வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பள்ளியில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது அடைத்ததே, அதேபோல. அதனால் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதித் துணியில் குத்தி அனுப்பினேன். 'இது டீக்கறை இல்லை, துரு. இனிமேல் இரும்புக் கம்பியில் உலர்த்தாதீர்கள்.' இப்படித்தான். கொஞ்ச நாளில் அவர்களும் அழுக்குத் துணியில் கேள்விச் சீட்டு குத்தி அனுப்பினார்கள். முதலாளியம்மா, "துணி வெளுக்க வர்றாங்களா, உன் சீட்டுக்கு வர்றாங்களான்னே தெரியலடி" என்று சிரிப்பார். அந்தச் சீட்டுகளைத்தான் நான் தளமாக்கினேன்.

எனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் விண்ணப்பத்தை உன் பெயரில் போட்டோம். நிராகரித்தார்கள். அது நியாயம்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று வரி, எழுதியது யார் என்ற விவரமே இல்லை. 'கொஞ்சம் விரிவா எழுது' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். நீ பாஸ்வேர்டை மாற்றினாய். வேறு தளங்களிலிருந்து முடி உதிர்வு, தொப்பை, வங்கிக் கடன், கறை நீக்கம் என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிக் கொட்டினாய். முப்பது வருட அனுபவம் உள்ள நிபுணர் என்று யாரோ ஒரு கண்ணாடி போட்ட மனிதரின் படத்தை ஒட்டினாய். எல்லாம் நகல் என்று அவர்கள் மறுபடி நிராகரித்தார்கள். அதற்கு நீ சித்தியிடம் என்ன சொன்னாய்? "சீட்டு எழுதுறவள நம்பி எறங்கினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." சித்தி அதை அப்படியே கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள், எல்லார் முன்னாலும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பிளீச்சையும் வினிகரையும் கலக்கச் சொன்ன அந்தப் பக்கம்? அது விஷப்புகை, எடுத்துவிடு என்று உனக்கு எழுதினேன். சிரிக்கிற பொம்மை அனுப்பினாய். மறுபடி எழுதினேன். "அப்புறம் பாக்கலாம், தொணதொணக்காத" என்றாய்.

மாடிவீட்டுத் தையற்காரம்மாவை உனக்குத் தெரியும். உன் முதல் வேலைக்குச் சட்டை தைத்துத் தந்தவர். தைக்க வந்த வெள்ளைத் துணியில் எண்ணெய் பட்டுவிட்டது என்று அவர் நம் தளத்தைப் பார்த்திருக்கிறார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றியிருக்கிறார். மகள் கதவை உடைத்துத்தான் வெளியே இழுத்தாள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தார். அம்மா உனக்கு போன் செய்து அழுத பிறகுதான் பாஸ்வேர்டு வந்தது. கூடவே ஒரு வார்த்தைகூட வரவில்லை.

வீடு திரும்பியதும் அவர் நேராகக் கடைக்கு வந்தார். திரையை விலக்கி என் முன்னால் நின்றார். குரல் கரகரத்தது. "உன் சீட்ட நம்பித்தானடி செஞ்சேன். ஒரு வார்த்த பேசாத பொண்ணு, பொய் எழுத மாட்டான்னு நெனச்சேன்" என்றார். நான் எழுதவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை சீட்டையும் பேனாவையும்தான் தேடியது. இஸ்திரிப் பெட்டியைத் துணியிலேயே வைத்துவிட்டேன், கருகிவிட்டது. அவர் போய்விட்டார். முதலாளியம்மா அன்று என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ கொட்டியதையெல்லாம் அழித்தேன். கண்ணாடிக்காரரையும் அனுப்பிவைத்தேன். முதல் பக்கத்தில், 'பிளீச்சையும் வினிகரையும் சேர்க்கச் சொன்னது தவறு, யாரும் செய்யாதீர்கள், ஒருவருக்கு மூச்சு போய்த் திரும்பியிருக்கிறது' என்று பெரிதாகப் போட்டேன். ஒவ்வொரு சீட்டையும் விரித்து எழுதினேன்: என்ன துணி, என்ன கறை, எதைப் போட்டு நான் கெடுத்தேன், எதில் போனது. எழுதியது யார் என்ற இடத்தில்தான் கை நின்றது. முகத்தைக் காட்ட முடியவில்லை. இஸ்திரி சுட்ட தழும்போடு என் இரண்டு கைகளைப் படம் எடுத்துப் போட்டேன். சலவைக் கடையில் வேலை செய்கிறேன், படிப்பைப் பாதியில் விட்டவள் என்று எழுதினேன். அம்மா பெயரில் புதிதாக விண்ணப்பித்தோம். அதற்குத்தான் அனுமதி வந்தது.

"அண்ணன் ஆசப்பட்டுச் செஞ்சான், விட்டுக்குடேன்டி" என்கிறாள் அம்மா. கணக்கு அம்மா பெயரில் இருக்கிறது. அவளிடமே கேட்டுப் பார். பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது.

முதல் பக்கத்தில், 'அதைப் போட்டது என் அண்ணன்' என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். வெளியிடும் முன் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எரிச்சலாக இருக்கிறது. தையற்காரம்மா இப்போதும் அதை எழுதியது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கடைவாசலைக் கடக்கும்போது இந்தப் பக்கம் திரும்புவதில்லை. இரண்டு படி ஏறினால் இருமுகிறார். மிஷின் மிதிக்க மகள்தான் உட்காருகிறாள்.

நீ விட்டுப்போன வெள்ளைச் சட்டையை இத்துடன் அனுப்புகிறேன், அவர் தைத்ததுதான். பையில் இருந்த மைக்கறையை எடுத்துவிட்டேன். காலரில் ஒரு சீட்டு குத்தியிருக்கிறேன், அதில் அவர் எண் இருக்கிறது. காலையில் இருமல் அதிகம், மாலையில் கூப்பிடு. 'அதைப் போட்டது நான்' என்று மட்டும் சொல். காரணம் எதுவும் சொல்லத் தொடங்காதே.

அங்கே குளிர் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நன்றாக இருக்க வேண்டும் அண்ணா, அதில் எனக்குச் சண்டை இல்லை. அவர் எவ்வளவு திட்டினாலும் போனை வைத்துவிடாதே. நான் உன்னிடம் சொல்வதுபோல, அவர் முடிக்கிறவரை 'ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிரு.

உன் தங்கை