ஒருத்தியைக் கூப்பிட்டால் பதினொரு பேர்

அக்கா,

ராத்திரி இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காலமாகி இரண்டு வருசமாகியும், நம் ராஜபாளையம் பூப்பந்து கிளப் விஷயமென்றால் உங்களிடம்தான் கேட்கத் தோன்றுகிறது. மகள் எஸ்தரின் துணிகளை மடிக்கையில் மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்று உருண்டு விழுந்தது. அதே புழுதி வாசம். பிறகு எங்கே தூக்கம்?

எஸ்தருக்கு வயது ஒன்பது. கிளப்புக்குப் புதிதாக வந்திருக்கும் மாஸ்டர், "பிள்ளைக்குக் கை நல்லா வருது. நாளைக்கு எல்லாருக்கும் ஒரு மணி நேரம் முந்தி அவளை மட்டும் அனுப்புங்க" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அவள் அப்பாவுக்கு ஒரே பெருமை. எனக்கு அந்த 'மட்டும்' பிடிக்கவில்லை.

எனக்கும் பதின்மூன்று வயதில் இப்படி ஓர் அழைப்பு வந்ததே! ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தயம் முடிந்ததும், நமக்கு வலையும் மட்டையும் வாங்கித் தந்த பெரிய மனிதர், பரிசு தர என்னை மட்டும் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். செயலாளர் நீங்கள். "அதுக்கென்ன அண்ணாச்சி, வாரோம்" என்று கிளப் பிள்ளைகள் பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். போதாததற்கு உங்கள் மாமியாரும்!

வாசலில் அவர் முகம் சுருங்கியது. "ஒரு பிள்ளையத்தான சொன்னேன்?"

"எங்க கிளப்புல ஒண்ணுன்னா பதினொண்ணு அண்ணாச்சி. ஏட்டி, எல்லாரும் உள்ள வாங்க. தண்ணி எங்க இருக்கு?"

பானையைக் காலிசெய்தோம். உங்கள் மாமியார் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து பால்கோவாவில் பாதியை முடித்துவிட்டு, "இன்னுஞ் செத்த நேரம் இருந்துட்டுப் போவோம்" என்றார்கள். பஸ்ஸில் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "இதுக்கு முந்தி அவரு எதுவும் செஞ்சாராட்டி?" மட்டை தரும்போது இரண்டு தடவை என் மணிக்கட்டைப் பிடித்து விடாமல் வைத்திருந்தாரென்று சொன்னேன். 'நீ ஏன் கிட்டப் போனே' என்று நீங்கள் கேட்கவில்லை. "சொல்லிட்டேல்ல, அம்புட்டுப் போதும்" என்றீர்கள். மறுவாரமே வலை, மட்டை எல்லாம் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போயின. மூன்று மாதம் கயிறு கட்டி, இரவல் மட்டையில் ஆடினோம். அதிலும் ஜெயித்தோம்!

"நல்ல மனுசரை ஏன் சந்தேகப்படுதே?" என்கிறார் எஸ்தரின் அப்பா.

"நல்லவருன்னா நாலு பேரு கூட வந்தா சந்தோசந்தான படுவாரு?" என்றேன். அது உங்கள் குரலாகவே கேட்டது எனக்கு.

நாளை எஸ்தரோடு நானும் போகிறேன். தெருப் பிள்ளைகள் ஆறு பேரும் வருகிறார்கள். மாஸ்டர் முகம் கோணினால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். கோணாமல், "வாங்கம்மா" என்று சிரித்துவிட்டால் இந்தப் படை எதற்கென்று அவரிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது? அதுதான் தெரியவில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.