கிளிஞ்சல்மேட்டுக் குளத்தில் கடப்பாரை

அனுப்புநர்:
அ. கார்குழலி,
க/பெ. அசோகன்,
சி பிளாக், மூன்றாம் மாடி,
கிளிஞ்சல்மேடு குடியிருப்பு,
திருவொற்றியூர், சென்னை.
(கிளிஞ்சல்மேடு நீச்சல் குளப் பாதுகாப்புக் குழுவின் சார்பாக)

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் பொதுவசதி அலுவலர் அவர்கள்,
வட்டாரப் பொதுவசதி அலுவலகம்,
வடசென்னை.

பொருள்: கிளிஞ்சல்மேடு பொது நீச்சல் குளத்தை நிரந்தரமாக மூடும் அறிவிப்பை ரத்து செய்யவும், அந்த அறிவிப்பில் உள்ள ‘கடப்பாரை’ என்னும் சொல்லை நீக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. குளத்தின் கேட்டில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு. 2. எங்கள் முந்தைய மனுக்கள் இரண்டு. 3. அவை இரண்டுக்கும் சேர்த்து வந்த பதில் ஒன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

இது எங்கள் மூன்றாவது மனு. முதல் இரண்டிலும் ‘பணிவுடன்’ என்ற சொல்லைப் பல இடங்களில் எழுதியிருந்தோம். இதிலும் அந்தந்த இடங்களில் அது இருப்பதாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. குளத்தின் கேட்டில் தங்கள் அலுவலகம் ஒட்டிய அறிவிப்பு கூறுவதாவது: ‘குளத்தின் தரைத்தளத்தில் விரிசல் ஏற்பட்டு நீர் கசிகிறது. பயனாளிகள் கடப்பாரையுடன் நீரில் இறங்குவது, ஆய்வின்போது அவர்களது வாக்குமூலத்தின் மூலமே தெரியவந்தது. பொதுச் சொத்துக்கும் பொதுமக்களின் உயிருக்கும் ஏற்படக்கூடிய ஆபத்தைக் கருதி இக்குளம் நிரந்தரமாக மூடப்படுகிறது. இடம் கனரக வாகன நிறுத்தத்துக்குப் பயன்படுத்தப்படும்.’

2. ஐயா, குளத்தில் கடப்பாரையோடு இறங்குகிறவர்களை இந்த உலகத்தில் எங்காவது தாங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பார்த்ததில்லை. நடந்தது என்னவென்பதை விளக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

ஆய்வுக்காகத் தங்கள் அலுவலகம் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்திலிருந்து ஒரு தம்பியை அனுப்பியிருந்தது. அவர் வந்தது சனிக்கிழமை காலை, பெண்களுக்கான நேரத்தில். வெளிமாநிலத்துக்காரர். நல்ல மரியாதையான பிள்ளை, அவரைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. தமிழ் தெரியாததால் கையிலிருந்த போனை நீட்டி, அதனிடம் பேசச் சொன்னார். நாம் தமிழில் பேசினால் அது ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். ‘உங்களுக்கு எந்த வகை நீச்சல் தெரியும்?’ என்று அந்தப் போனே எங்களைக் கேட்டது.

மீன் விற்கும் கன்னியம்மா அக்கா அப்போதுதான் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்தில் பிறந்து எங்கள் பகுதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், அறுபதைத் தாண்டியவர். அவர் போனுக்கு நேராக வாயை வைத்துச் சொன்னது இதுதான்: ‘நமக்குத் தெரிஞ்சது கடப்பார நீச்சல்தான் நைனா.’

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்கள் சிரிப்பை அந்தப் போன் மொழிபெயர்க்கவில்லை.

3. நீச்சல் தெரியாதவன் தண்ணீரில் இறங்கினால், கடப்பாரையைப் போட்டதுபோல நேராக அடிக்குப் போவான். அதைத்தான் கேலியாகக் கடப்பாரை நீச்சல் என்பார்கள். எனக்கு நீச்சல் வராது, கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்பதே கன்னியம்மா அக்கா சொன்னதன் பொருள். இது எங்கள் பக்கத்து ரகசிய மொழி ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் கிணற்றடியில் நின்ற எவருக்கும் தெரியும்.

அந்தத் தம்பிக்குத் தெரியாமல் போனது இயல்பு. ஆனால் அவரது அறிக்கை தங்கள் அலுவலகத்துக்கு வந்து, தமிழாக்கப்பட்டு, மேசை மேசையாகப் போய்க் கையெழுத்தாகி, முத்திரை விழுந்து எங்கள் கேட்டுக்கு வந்திருக்கிறது. தமிழில் பிறந்து தமிழில் வளர்ந்தவர்கள்தானே அத்தனை மேசையிலும் இருந்தார்கள்? ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லையா? நான் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் வேலையில் இருக்கிறேன். பாஸில் ஒரு எழுத்து மாறினால் லாரி கேட்டைத் தாண்டாது, டிரைவர் என்னைத் திட்டுவார், திருத்திக் கொடுப்பேன். ஒரு கன்டெய்னர் பெட்டிக்குக் கிடைக்கும் கவனம் எங்கள் பிள்ளைகளின் குளத்துக்குக் கிடைக்கவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

4. விரிசல் உண்மை. அதை நாங்கள் மறுக்கவில்லை. குளத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி மழைநீர் வடிகாலுக்காகப் பெரிய இயந்திரத்தை வைத்துத் தோண்டினார்கள். தோண்டிய வாரமே உள்ளே தரையில் கோடு விழுந்தது. குளத்தின் காவலரும் பயிற்சியாளருமான லூயிஸ் அப்போதே தங்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னார். ‘பார்க்கிறோம்’ என்று சொல்லி அனுப்பினார்கள். பார்த்ததாகத் தெரியவில்லை. இப்போது பழி கன்னியம்மா அக்காவின் மேல் விழுந்திருக்கிறது, லூயிஸுக்கு வேலை போய்விட்டது, வடிகாலும் பாதியில் நிற்கிறது.

5. எங்கள் இரண்டு மனுக்களுக்கும் வந்த ஒரே பதிலில், கடப்பாரையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதற்குப் பதிலாக, ‘கிளிஞ்சல்மேட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கடல் அமைந்திருப்பதால், நீச்சலுக்கான மாற்று வசதி ஏற்கனவே உள்ளது’ என்று எழுதப்பட்டிருந்தது.

இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை ஐயா. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

6. எங்கள் கடலைத் தாங்கள் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று தெரியாததால் எழுதுகிறேன். மணல் இருந்த இடத்தில் இப்போது கல் இருக்கிறது. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல், ஒவ்வொன்றும் ஒரு ஆட்டோ அளவு. ‘கல்லுக்குப் போறேன்’ என்றுதான் எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள், கடலுக்குப் போகிறேன் என்று சொல்வதில்லை. வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சுடுதண்ணீரும் இறங்குகின்றன. வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் வந்து மிதந்த அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, கல்லிடுக்கில் கை வைத்தால் இன்றைக்கும் கறுப்பாக ஒட்டுகிறது. அலை வந்து திரும்பும்போது இரண்டு கல்லுக்கு நடுவில் ஆளை உள்ளே இழுக்கும். மீன்பிடிக்கப் போகும் ஆண்களே அங்கே இறங்க மாட்டார்கள். கடலோரத்திலேயே பிறந்தாலும் எங்கள் பெண்களுக்குக் கடல் கிடையாது. ஆண்களுக்குப் படகு, பெண்களுக்கு மீன்கூடை. அதனால்தான் வாழ்நாள் முழுக்க மீனோடு இருந்த ஒரு பெண்ணுக்கு நீச்சல் தெரியாமல் இருந்தது.

7. என் மகன் மதியழகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று மதியம் கல்லுக்குப் போனான். நண்பர்களோடு போனான். அந்தக் கோடையிலும் இதே குளம் பூட்டித்தான் கிடந்தது. பராமரிப்புப் பணி நடைபெறுகிறது என்று ஒரு பலகை தொங்கியது. பணி நடைபெறவில்லை, பலகை மட்டும் தொங்கியது. பிள்ளைகள் முதலில் குளத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். பூட்டைப் பார்த்துவிட்டுத்தான், தாங்கள் சொல்லும் மாற்று வசதிக்குப் போனார்கள்.

மதியழகன் திரும்பி வரவில்லை. பரீட்சை எழுதிய பேனா அவன் சட்டைப் பையில் இருந்தது. சட்டையைக் கழற்றிக் கல்மேல் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறான்.

அதன் பிறகு நானும் என் கணவரும் இந்த வட்டாரப் பெண்களும் அலையாய் அலைந்துதான் குளத்தைத் திறக்க வைத்தோம். பெண்களுக்குச் சனிக்கிழமைக் காலை ஒதுக்கப்பட்டது. நைட்டியோடு இறங்கக் கூடாது என்று விதி இருந்ததால், மகன்களின் கால்பந்து பனியனையும் பழைய லெக்கிங்ஸையும் போட்டுக்கொண்டு வந்தோம். மகன் இல்லாத வீட்டுக்காரிகளுக்கு என் வீட்டில் இருந்ததைக் கொடுத்தேன். அவன் போட்டுக்கொண்டிருந்த நீலப் பனியனில்தான் கன்னியம்மா அக்கா மிதக்கக் கற்றுக்கொண்டார். நான் முதல்நாள் இறங்கியது நீச்சல் கற்க இல்லை. என் பிள்ளைக்குக் கடைசியாக எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள இறங்கினேன். தலையை உள்ளே விட்டேன். லூயிஸ் தூக்கி விட்டார், அப்புறம் ஒரு வார்த்தை கேட்காமல் கையைப் பிடித்துக் கால் உதைக்கச் சொல்லிக்கொடுத்தார். இப்போது என்னால் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக முடியும். தண்ணீர் இல்லாததால் நடந்தே போகலாம் என்ற நிலை இப்போது ஏற்பட்டுள்ளது.

8. வற்றிய குளத்துக்குள் இறங்கி உட்கார்ந்து நாங்கள் அறவழியில் போராடியது தங்களுக்குத் தெரிந்ததே. அங்கு வந்த காவல்துறையினர் முதலில் கேட்டது, கடப்பாரைகள் எங்கே என்பதுதான். பெண் காவலர்கள் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். துண்டும் டிபன் பாக்ஸும் ஒரு குழந்தையின் மாற்றுத் துணியும் இருந்தன. அவர்களைக் குறை சொல்லவில்லை. தாங்கள் எழுதியதைத்தான் அவர்கள் தேடினார்கள்.

அன்றிலிருந்து கன்னியம்மா அக்காவைத் தெருவில் ‘கடப்பாரை’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். விளையாட்டாகத்தான். ஆனால் அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் பேச்சால்தான் குளம் போனது என்று உறுதியாக நம்புகிறார். அப்படி இல்லை என்று எவ்வளவு சொன்னாலும், கேட்டில் ஒட்டிய தாளைக் காட்டுகிறார். முத்திரை போட்ட தாளுக்கு முன்னால் எங்கள் பேச்சு எடுபடவில்லை.

இப்போது அவர் வியாபாரத்துக்குப் போவதில்லை. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. குளம் பூட்டியிருப்பதால் பிள்ளைகள் மறுபடியும் கல்லுக்குப் போகிறார்கள். மதியமானால் அக்கா கூடையைக் கவிழ்த்துப்போட்டு, கொளுத்தும் வெயிலில் கல்மேல் உட்கார்ந்துகொள்கிறார். கையில் ஒரு குச்சி. இறங்கப் போகும் பிள்ளைகளை, இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் திட்டி விரட்டுகிறார். வீட்டுக்கு வா அக்கா என்று நான் போய்க் கூப்பிட்டேன். ‘என் வாயாலதான கொளம் பூட்ச்சு, அப்போ நான்தான் காவ காக்கணும்’ என்றார்.

அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு பிள்ளை போனாலும், அக்காவே போனாலும், அதற்கும் பொருத்தமான ஒரு சொல்லைத் தங்கள் அலுவலகம் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறோம்.

9. ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

(அ) மூடும் அறிவிப்பை ரத்து செய்து, விரிசலை அடைத்து, இந்த விடுமுறை முடிவதற்குள் குளத்தில் தண்ணீர் விட வேண்டும். லூயிஸை மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும்.

(ஆ) லாரி நிறுத்த வேறு இடம் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு வாசல் வரை ஏற்கனவே லாரிகள்தான் நிற்கின்றன. இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தால் சமையலறைக்குள் விட வேண்டியிருக்கும்.

(இ) அறிவிப்பில் உள்ள ‘கடப்பாரை’ வாசகம் தவறு என்று எழுத்துப்பூர்வமாக அறிவித்து, அதன் நகலைத் திருமதி கன்னியம்மா அவர்களுக்கு முத்திரையோடு அனுப்ப வேண்டும். தபாலில் போட வேண்டாம். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து கொடுக்க வேண்டும். மதிய நேரத்தில் வீட்டில் தேட வேண்டாம். கல்லுக்கு வரவும்.

(ஈ) இவை நடக்கும்வரை, கையெழுத்திட்ட அதிகாரிகள் தினம் ஒருவராக முறை வைத்துக்கொண்டு அவருக்குப் பதிலாகக் கல்மேல் உட்கார வேண்டும். குச்சியை அவரே தருவார்.

மனுவின் முடிவில் ஆவன செய்யும்படி கேட்பது வழக்கம். எங்களுக்கு ஆவன வேண்டாம் ஐயா, தண்ணீர் வேண்டும்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 28.04.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
அ. கார்குழலி
மதியழகனின் தாய்

இணைப்பு:

1. குடியிருப்போர் கையொப்பங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் கைரேகைகள்.

2. கடப்பாரை ஒன்று. எங்கள் குடியிருப்பில் இதை வைத்திருப்பவர் ராசையா ஒருவர்தான். தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் வேலை செய்கிறவர், அவரிடம் இரவல் வாங்கி இம்மனுவோடு நேரில் ஒப்படைக்கிறோம். தங்கள் அலுவலகப் பின்புறத்தில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கவும். என் மகனுக்கும் இந்த நீச்சல்தான் தெரிந்திருந்தது. பார்த்து முடித்ததும் தயவுசெய்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடவும். ராசையா நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும்.