கெனாங்கா சந்தைக் கழிப்பறையின் உள்தாழ்ப்பாள் குறித்து

அனுப்புநர்:
சு. திருநாவுக்கரசு,
ஓய்வு பெற்ற அலுவலக எழுத்தர்,
கெனாங்கா அடுக்குமாடி, மூன்றாம் மாடி,
சுங்கை பினாங், ஜார்ஜ் டவுன்.

பெறுநர்:
பராமரிப்பு அதிகாரி அவர்கள்,
கெனாங்கா சந்தை நிர்வாக அலுவலகம்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பொருள்: ஆண்கள் கழிப்பறையின் உள்தாழ்ப்பாளை மாற்றவும் விளக்குப் பொருத்தவும் கோருதல், மனுதாரர் அதனுள் அகப்பட்டமை, அதன் விளைவாக நிச்சயமான திருமணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இச்சந்தை, இவ்விடம் ஒரு சிற்றூராக இருந்த வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்டது. பிறகு கூரை மாறியது, கடைகள் மாறின, ஊரே நகரத்துக்குள் போய்விட்டது. கழிப்பறைக் கதவும் அதன் இரும்புத் தாழ்ப்பாளும் மட்டும் மாறவில்லை. சாக்கடை, தெருவிளக்கு, தெருநாய் ஆகியவை பற்றித் தங்களுக்கு அடிக்கடி மனு எழுதும் திருநாவுக்கரசு நான்தான். இத்தாழ்ப்பாளைப் பற்றி மட்டும் எழுதத் தவறிவிட்டேன். அது என்னைத் தவறவிடவில்லை.

2. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் ரூபினியைப் பெண் கேட்டு, அக்கரையில் உள்ள பிறை என்னும் ஊரிலிருந்து கெல்வின் என்னும் இளைஞரின் வீட்டார் வருவதாக இருந்தது. இருவரும் பிறையில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் இந்துக்கள். எனக்குச் சம்மதமில்லை. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் இல்லை. ஆகவே வருகிறவர்களிடம் "பரிசீலித்துத் தெரிவிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பத் தீர்மானித்திருந்தேன். இவ்வாக்கியம் தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பும் பதில்களிலிருந்து கற்றுக்கொண்டது.

3. வாழைப்பழம் வாங்கச் சந்தைக்கு வந்தேன். சொல்லப்போகும் வாக்கியத்தை யாரும் கேட்காமல் ஒருமுறை சொல்லிப் பார்க்க எண்ணினேன். மேற்படி கழிப்பறைக்குள் சென்று தாழிட்டேன். வெளியே வர முயன்றபோது தாழ்ப்பாளின் பிடி உடைந்து என் கையோடு வந்துவிட்டது. உள்ளே விளக்கில்லை. இருட்டில் அடைபட்டால் எனக்கு மூச்சு முட்டும். என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாதிருந்த இச்செய்தி, நான் போட்ட கூச்சலால் அன்று மீன்கடை வரை தெரிந்துவிட்டது.

4. மீன் வியாபாரி ஸுல்கிஃப்லி ஓடிவந்து, "சபார், பாக்சிக்!" என்று மலாயில், பொறுங்கள் பெரியவரே எனத் தேற்றினார். கதவு உட்பக்கம் திறப்பது. உடைத்தால் என் மீதே விழும் என்பதால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லி அனுப்பினார். நான் கைப்பேசியில் வீட்டைக் கூப்பிட்டேன். என் மனைவி வள்ளியம்மா கூறியதை அப்படியே தருகிறேன்: "மாப்பிள்ள வீட்டுக்காரங்க இங்க வந்து உக்காந்திருக்காங்க, நீங்க அங்க கக்கூஸ்ல உக்காந்திருக்கீங்களா?"

5. சற்று நேரத்தில் கதவுக்கு வெளியே, "அண்ணே, நான் பால்ராஜ். கெல்வினோட அப்பா" என்று ஒரு குரல் கேட்டது. செய்தி கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். அவராலும் கதவைத் திறக்க முடியவில்லை. மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். நான் மூச்சு வாங்குவதைக் கேட்டு, "பேசிக்கிட்டே இருங்கண்ணே, பயம் தெரியாது" என்றார். பேசுவதற்கு எதுவும் தோன்றாமல், இருட்டில் முகம் தெரியாத துணிச்சலில், அவர்களைத் திருப்பி அனுப்பவே நான் எண்ணியிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

6. அவர் எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். பிறகு சிரிக்கும் சத்தம் கேட்டது. "உண்மையச் சொல்லவாண்ணே? நானும் வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்லா" என்றார். மனைவி இறந்த பிறகு அவருக்கு வீட்டில் மகன் ஒருவன்தான். அவன் எங்கள் பக்கம் வந்துவிட்டால் பிறை வீட்டில் தனியாகச் சாப்பிட உட்கார வேண்டுமே என்று பயம். தீபாவளிக்கு என் மகள் வராமல் போவாளோ என்பது என் பயம். இரண்டையும் கதவின் இரு பக்கமும் வைத்துப் பார்த்தபோது, மதத்தைப் பற்றி நாங்கள் இருவருமே ஒன்றும் பேசவில்லை என்பது தெரிந்தது. "பிள்ளைங்க ரெண்டு வீட்டுக்கும் வரட்டுமேண்ணே. தீபாவளிக்கு நானும் வரேன்" என்றார் அவர்.

7. அப்போது தீயணைப்பு வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வழிவிடப் பால்ராஜ் எழுந்தார். காலடி ஓசை விலகுவதைக் கேட்டுப் பதறி, இதுவரை எந்த மனுவிலும் நான் பயன்படுத்தியிராத குரலில் கத்தினேன்: "சம்பந்தி, போயிராதீங்கலா!"

8. சந்தை கைதட்டியது. கதவின் கீலை அறுத்து என்னை வெளியே எடுத்தபோது, சட்டை நனைந்து, கையில் தாழ்ப்பாளின் பிடியுடன் நின்றேன். கூட்டத்தில் ரூபினியும் இருந்தாள். எப்போது வந்தாள் என்று கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்றே தெரிந்தது. பரிசீலனைக்கு இடமில்லாமல் போய்விட்டது.

9. எனக்கு நன்மையே நடந்தது என்பதால் தாழ்ப்பாள் நல்லது என்று தாங்கள் முடிவு செய்துவிடக் கூடாது. கீல் அறுத்த கதவு இப்போது ஒரு கயிற்றில் தொங்குகிறது. அடுத்து அகப்படுபவர் இதய நோயாளியாக இருக்கலாம். பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். எல்லோருக்கும் வெளியே ஒரு பால்ராஜ் வந்து உட்காருவார் என்று உறுதியில்லை. ஆகவே வெளிப்பக்கம் திறக்கும் புதிய கதவு, எளிதில் திறக்கும் தாழ்ப்பாள், உள்ளே ஒரு விளக்கு ஆகியவற்றை விரைவில் அமைத்துத் தருமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

10. திருமண அழைப்பிதழை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் குடும்பத்துடன் வர வேண்டும். மண்டபம் சந்தைக்கு எதிரிலேயே உள்ளது. வரும்போது அந்தப் புதிய கதவைத் தாங்களே உள்ளிருந்து ஒருமுறை தாழிட்டுப் பார்த்துவிட்டால் எங்கள் அனைவருக்கும் நிம்மதி. அஞ்ச வேண்டாம், வெளியே நானும் என் சம்பந்தியும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.

நாள்: 14 அக்டோபர் 2024
இடம்: ஜார்ஜ் டவுன்

தங்கள் சந்தையின் நெடுநாள் வாடிக்கையாளன்,
(ஒப்பம்)
சு. திருநாவுக்கரசு