முகிலா படத்தில் இல்லை

ஆகஸ்ட் 6, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். ஓசூரில் இந்த மாதம் துணி காய்வதாக இல்லை. ஈர யூனிபார்மோடுதான் வேலைக்கு.

செய்ய: கேஸ் சிலிண்டர் பதிவு. இவருக்கு சுகர் மாத்திரை. பெரியவனுக்கு போன்.

மதியம் கேன்டீனில் இருக்கும்போது மஞ்சுளா கூப்பிட்டாள். என்னோடு கம்பெனி அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவள். இப்போது தளியில் முட்டைக்கோசு விவசாயம். ஒரே உற்சாகம்.

"அக்கா, நம்ம கதை படமா வந்துருச்சாம்க்கா! கம்பெனி பஸ்ல படிச்சுச் சொல்லுவீங்களே, அதே கதை. ஞாயித்துக்கெழம போலாம். முகிலாவையும் கூட்டியாறேன். எங்கிருந்து பேரு வெச்சேன்னு அவளும் பாக்கட்டும்."

சரி என்றுவிட்டேன். மீதிச் சோற்றைக் கொட்டிவிட்டு லைனுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கனெக்டர் பாகம் வராமல் இரண்டு மணி நேரம் லைன் நின்றது. கை சும்மா இருந்தால் பழசெல்லாம் வந்துவிடுகிறது.

அந்தக் காலத்துக் காலை ஷிப்ட் பஸ். கண்ணாடியெல்லாம் பனி. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட் எங்களுடையது. மஞ்சு கன்னடக்காரி. தமிழ் பேசுவாள், படிக்க வராது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை நான் பார்த்துப் பார்த்துப் பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் சொல்வேன். மேகத்திலிருந்து இறங்கி வரும் ஒருவன். கொள்ளு விதைக்கும் ஒருத்தி. பின்சீட்டுத் தெலுங்குப் பெண்கள்கூட "ஏமாயிந்தி அக்கா?", என்ன ஆச்சு என்று தலையை நீட்டுவார்கள். என்ன கர்வம் எனக்கு! கதையை எழுதியதே நான்தான் என்கிற நினைப்பு. சம்பளத்தைவிட அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் வேலைக்குப் போனேன் என்றால் இவர் சிரிப்பார்.

கடைசி அத்தியாயம் வந்த வாரம்தான் மஞ்சு லீவு முடிந்து வந்தாள். ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. இரண்டாவது தடவை. கதையிலோ அவன் மழையாகக் கரைந்துவிடுகிறான், அவள் வெறுங்கையோடு காட்டில் நிற்கிறாள். அதை எந்த வாயால் மஞ்சுவுக்குப் படிப்பேன்? பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன். கொள்ளு விதைத்தவளுக்கு ஒரு பெண் பிறந்தது, பெயர் முகிலா என்று. மஞ்சு மூன்று வாரத்துக்கப்புறம் அன்றுதான் சிரித்தாள். மறுவருடம் அவளுக்கே பெண். அதே பெயர்.

ஆகஸ்ட் 9, சனி

மஞ்சு நம்பரை மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் வைத்துவிட்டேன். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா?

பொய் சொன்ன கதையை இவரிடம் சொன்னேன். "அவங்களே ஒரு கொழந்தய வெச்சிருந்தாலும் வெச்சிருப்பாங்க. சினிமாக்காரங்க எத விட்டு வெச்சாங்க?" என்றார். மூழ்குகிறவளுக்கு அதுவே போதும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேட்னி. முகிலா என்னைவிட உயரம். பிளஸ் டூ. புது சுடிதார், அவள் பெயரைத் திரையில் கேட்பதற்காக.

படம் மகா மட்டம். கொள்ளுக்காடு டீ எஸ்டேட் ஆகிவிட்டது. மேகத்திலிருந்து வருகிறவனுக்கு ஜிம் உடம்பு. கதையில் அவன் அவள் விரலைத் தொடவே நாலு வாரம் ஆகும். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். இங்கே இடைவேளைக்குள் மூன்று டூயட். மழைகூட கம்ப்யூட்டர் மழை. பாதியில் எழுந்து போனவர்கள் ஏழெட்டுப் பேர்.

எல்லாவற்றையும் மாற்றியவர்கள் முடிவை மட்டும் மாற்றவில்லை. அவள் வெறுங்கையோடு நின்றாள். லைட் போட்டார்கள்.

"மகு எல்லி அக்கா?" என்றாள் மஞ்சு. குழந்தை எங்கே என்று. "பாவிங்க, கொழந்தயவே வெட்டிட்டானுங்க!"

முகிலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், வெட்டிவிட்டார்கள் என்று தலையாட்டினால் முடிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. வெளியே டீக்கடையில் வைத்துச் சொன்னேன். கதையில் குழந்தையே கிடையாது, நானாகச் சொன்னது என்று.

மஞ்சு டீயைப் பாதியில் வைத்தாள். தளி பஸ் வந்தது. வரேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறிவிட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

போன் இல்லை. 40 பீஸ் ரீவொர்க், எல்லாம் மறுபடி செய்தது என் கவனக்குறைவால். மழை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாயங்காலம் முகிலா பேசினாள். "பெரியம்மா, கதையில இல்லாத பேரு உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு பெண் பிறந்தால் வைக்க எடுத்து வைத்திருந்த பெயர். இரண்டாவதும் பையனாகி, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் முடிந்தபிறகு மனசுக்குள்ளேயே கிடந்தது. இவருக்குக்கூடத் தெரியாது.

மஞ்சு மகளிடமிருந்து போனைப் பிடுங்கித் திட்டினாள். "பொய் சொன்னதுக்கு இல்லக்கா. உங்க பொண்ணு பேர எடுத்து எனக்குக் குடுத்துட்டு, எம் பொண்ண ஒருநா மடியில போட்டிருப்பீங்களா நீங்க? அதுக்கு!"

வாஸ்தவம். பெயர் வைத்துத் தொட்டிலில் போட்ட அன்று குழந்தையை என் கையில் நீட்டினார்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலோடு வந்துவிட்டேன். அன்று எனக்கு ஷிப்ட் கிடையாது. தூக்கியிருந்தால் திருப்பிக் கொடுக்க மனசு வந்திருக்காது.