கடித்தது என்று எழுதினேன்

நவம்பர் 4, 2024

பக்கத்து வீட்டு நாகமுத்து அண்ணனின் குரங்கு இன்றும் என் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து பல்லைக் காட்டியது. தேங்காய் பறிக்கப் பழக்கிய குரங்காம். இருக்கட்டுமே, எனக்கென்ன? வனவிலங்கு ஆபீசுக்குப் புகார் எழுதிவிட்டேன். வெறும் தொல்லை என்றால் வருவார்களா? என்னைக் கடித்தது என்று ஒரு வரி சேர்த்தேன்.

நவம்பர் 9

விடாத மழை. எங்கள் ஊர் மெர்லிமாவ் முழுக்க ஈரம்.

நவம்பர் 11

நேற்று மாலை ஆற்றோரப் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கித் தண்ணீரில் விழுந்தேன். வெள்ளம் இழுத்துக்கொண்டே போனது. கரையில் சாய்ந்த தென்னையில் அந்தக் குரங்கு. அதன் இடுப்பில் கட்டிய நீளக் கயிறு தண்ணீரில் கிடந்தது. பிடித்தேன். அது உதறவில்லை. நாகமுத்து அண்ணன் ஓடி வந்து என்னை இழுக்கும்வரை மரத்தைக் கட்டிக்கொண்டு கத்தியது.

என் ஆபீசில் கூட வேலை செய்யும் நளினி, "எப்படிக்கா தப்பிச்சீங்க?" என்றாள். நீந்தி வந்தேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

நவம்பர் 14

கயிறு அறுத்து அதன் இடுப்பில் புண்ணாம். அண்ணன் மஞ்சள் பூசுகிறார். நான் எட்டிப் பார்க்கவில்லை. புகாரைத் திரும்ப வாங்க வேண்டும் — நாளைக்கு.

நவம்பர் 18

நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன். வனவிலங்கு ஆபீஸ்காரர்கள் கூண்டோடு வந்துவிட்டார்கள்.

அண்ணன் வேலியோரம் வந்தார். "தங்கச்சி, கடிக்குதுன்னு யாரோ எழுதிட்டாங்க. கடிக்காதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லும்மா."

அதிகாரிகள் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு ஒன்னும் தெரியாதுண்ணே" என்றேன். குரங்கைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

என்ன பொம்பள நான்?

நவம்பர் 19

சமையலறை ஜன்னலைத் திறந்தே வைத்தேன்.

நவம்பர் 25

லீவு போட்டுப் போய், கடித்தது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். "சுடா லெப்பாஸ்" என்றார் அதிகாரி மலாயில். ஏற்கெனவே காட்டில் விட்டாயிற்றாம். எந்தக் காடு என்று சொல்லவில்லை.

நவம்பர் 26

அண்ணன் தென்னையில் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதில் இனி அவரேதான் ஏற வேண்டும்.

"அண்ணே, எழுதினது நான்தான்."

"தெரியும் லா. அன்னிக்கு ஆபீசருங்க வந்ததுமே கடிதத்த காட்டுனாங்க. கீழே பாட்ரீசியான்னு உன் பேரு."

அப்படியானால் வேலியோரம் வந்து கேட்டபோதே அவருக்குத் தெரியும்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஏறினார்.