நாலு மணிக்கு எழுதிய நாடி

என் அருமை சரோ, என் வக்கீல் நர்ஸே,

உன்னை அனுப்பிவைத்துப் பதினோரு நாள் ஆகிறது. உன் சட்டப் புத்தகங்கள் இன்னும் சாப்பாட்டு மேசைமேல்தான் கிடக்கின்றன. தட்டு வைக்க இடமில்லை என்று இத்தனை வருஷம் உன்னோடு சண்டை போட்டேன். இப்போது அவற்றை நகர்த்த மனம் வரவில்லை.

உன் வகுப்புக்கு இன்னும் ஆள் போடவில்லை. நர்ஸ் வேலையும் கற்றுக்கொடுத்து, தபால் வழியாகவே படித்து லண்டன் சட்டப் பட்டமும் வாங்கிய ஒருத்தியைப் பினாங்கில் எங்கே தேடுவார்கள்? கோர்ட்டுக்குப் போகாமல் இந்தப் பிள்ளைகளோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"கோர்ட்டுக்கு வர்றதெல்லாம் ஆள் செத்த பிறகுதான்க்கா வருது. நான் அதுக்கு முன்னாடி நிக்கிறேன்" என்றாய்.

வகுப்பையே கோர்ட்டாக்கி, ஒரு பெண்ணை நாற்காலிமேல் ஏற்றி, கட்டிலில் தொங்கும் நோயாளி அட்டையை அவளிடம் நீட்டுவாய். "இதை எழுதுனது நீதானே? கண்ணால பாத்தியா, இல்ல நீயா நெனச்சியா?" வராந்தாவில் போகிற எனக்கும் அது கேட்கும். முப்பது கட்டிலைப் பார்க்கிறவளுக்கு இதென்ன வக்கீல் கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

சரோ, உன் அட்டையில் கடைசியாக எழுதியவள் நான். 'மாலை நாலு. நாடி எண்பத்திரண்டு. நல்ல உறக்கம்.'

அன்று காலைதான் உனக்குக் குடல்வால் அறுவை நடந்திருந்தது. நாலு மணிக்கு நான் உன் கையைத் தொடவே இல்லை. வேலை மாறும் நேரம், கடைசிக் கட்டிலில் ஒரு கிழவிக்கு நிற்காத வாந்தி. வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் சாய்த்துப் படுத்திருந்தாய். தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, மூன்று மணிக்கு எண்ணியதையே திரும்ப எழுதினேன். அவசரத்தில் நாங்கள் எல்லோரும் செய்வதுதான்.

எனக்குப் பின் வேலைக்கு வந்தவள் உன் மாணவி செல்லம்மா, சுங்கை பாக்காப் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் மகள். என் எழுத்தை நம்பி மற்றக் கட்டில்களை முதலில் பார்த்திருக்கிறாள். ஐந்து மணிக்கு உன்னிடம் வந்தபோது நீ இல்லை. வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது. நாலு மணிக்கு நன்றாக இருந்தவர் ஐந்துக்குள் எப்படிச் சாவார் என்று பெரிய டாக்டர் அவளைக் குடைகிறார். அவள் கவனிக்கவில்லை என்று வேலையிலிருந்து நீக்கப்போகிறார்கள். அவள் அப்பா ஃபெர்ரி ஏறி வந்து, இரண்டு நாளாக ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்.

நேற்று என்னிடம் வந்து அழுதாள். "டீச்சர் கை நான் தொட்டப்பவே சில்லுன்னு இருந்துச்சுலா, அக்கா. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. உன் அக்கா இவ்வளவுதான்.

நான் வாசலில் நின்றபோது உனக்கு உயிர் இருந்ததா? நான் வருவேன் என்று பார்த்திருந்தாயா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

நாளைக் காலை விசாரணை. பதினெட்டு வருஷ வேலை போகும், பேரும் போகும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செல்லம்மாவைக் கூப்பிடுவதற்கு முன் நான் எழுந்து நிற்பேன், சரோ. உன் கேள்வியை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. நானாகவே பதில் சொல்கிறேன்: பார்க்கவில்லை, நினைத்தேன்.

உன் கையைத் தொடாமல் போன
உன் அக்கா